அப்பா குறைத்த நட்சத்திரம்

"ஞாயித்துக்கிழமை வர்றேன்ப்பா. ஒரு விஷயம் சொல்லணும்."

மகள் சைமாவின் இந்தச் செய்தியை ஓஸ்மோ இரண்டு முறை வாசித்தார். ஞாயிறு தந்தையர் தினம், ஊரெல்லாம் கொடி ஏற்றும் நாள். மனைவி ஆய்லா இறந்தபிறகு வந்த எந்தத் தந்தையர் தினத்துக்கும் மகள் வந்ததில்லை. தபாலில் ஒரு வாழ்த்து அட்டை வரும், அதோடு சரி. இந்த வருடம் நேரில் வருகிறாளாம். அதுவும், அவள் வேலை பார்க்கும் உள்ளூர்க் கம்பெனி கைஸ்லாவின் புது போனுக்கு அப்பா ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்ட பத்திரிகை வெளியான அன்றே எழுதுகிறாள். சண்டைக்கு வருகிறாள் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஓலு நகரத்து நாளிதழில் போன்களைச் சோதித்துப் பார்த்து நட்சத்திரம் போடுவது ஓஸ்மோவின் வேலை. நேர்மையான மனிதர். மகள் கைஸ்லாவின் கேமராப் பிரிவில் சேர்ந்த அன்றே வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: சாப்பாட்டு மேசையில் போன் பேச்சு கூடாது, வேலைப் பேச்சும் கூடாது. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் காருக்குப் பனிக்கால டயர் மாற்றுவதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள். டயர் மாற்றியாகிவிட்டால் அந்த வருடத்துப் பேச்சும் முடிந்தது.

அப்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை. கைஸ்லா போன் பிடித்திருந்தால், பிடித்தது போனையா பெண்ணையா என்ற சந்தேகம் வந்துவிடும். அதனால் மனதில் பட்டதிலிருந்து ஒரு நட்சத்திரத்தைக் கழித்துவிடுவார். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

பாராட்டிலும் கஞ்சன்தான். அவர் வாயிலிருந்து வரும் உச்சகட்டப் புகழ்ச்சி "பரவாயில்லை". அந்தப் பக்கத்து ஆண்கள் எல்லோருமே அப்படித்தான். கல்யாணத்தன்று மணப்பெண்ணாக நின்ற ஆய்லாவைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். "உங்கப்பா பரவாயில்லன்னா பிரமாதம்னு அர்த்தம்டி" என்று அவள் மகளுக்கு விளக்கம் சொல்லுவாள். விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல் போனபிறகு வெறும் பரவாயில்லைதான் வீட்டில் மிஞ்சியது.

அப்படிப்பட்டவர், அதே பக்கத்தில், பக்கத்து நாடான ஸ்வீடனின் கம்பெனி ஸ்கோக்கின் போனுக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுத்து "அருமை" என்று எழுதியிருந்தார்.

காரணம் இருந்தது. கல்லறைத் திருநாளன்று சாயங்கால இருட்டில் ஆய்லாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சோதனைக்கு வந்த இரண்டு போன்களாலும் படம் எடுத்தார். கைஸ்லாவின் படத்தில் பனியும் ஒரு மஞ்சள் திட்டும் தெரிந்தன. ஸ்கோக்கின் படத்தில் கல்லில் வெட்டிய அவள் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்க முடிந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபடி பனியில் நின்று அழுதார். அந்தப் படத்தையேதான் பத்திரிகையிலும் போட்டார், யாருடைய கல்லறை என்று எழுதவில்லை. வாசகர்களில் ஒருவரும் அந்தப் பெயரை வாசிக்கவும் இல்லை. எல்லோரும் நட்சத்திரத்தைத்தான் எண்ணினார்கள்.

ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடனிடம் தோற்றதைக்கூட மன்னிக்கிற ஜனங்கள் இதை மன்னிக்கவில்லை. ஸ்வீடன்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று இணையப் பக்கத்தில் ஒருவர் கேட்டார். ஸ்கோக்தான் நம் ஊரிலேயே ஆபீஸ் திறந்திருக்கிறானே, உள்ளே இவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பான் என்றார் இன்னொருவர். சொந்த ஊர்க் கம்பெனியைக் கவிழ்க்கும் கிழவர் என்றும் ஒரு பட்டம் கிடைத்தது.

ஓஸ்மோ வாசகர்களுக்குப் பதில் எழுதினார். யாரிடமிருந்தும் ஒரு காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை என்றார். உடனே, காப்பி பற்றி யார் கேட்டது, எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிறாரே என்று பிடித்துக்கொண்டார்கள்.

பத்திரிகையாசிரியர் மர்யட்டா ஒரு வழி சொன்னாள். பத்திரிகை அலுவலக வாசலில் இரண்டு போன்களையும் கறுப்பு ஒட்டுப்பட்டையால் சுற்றி வைத்து, எது எந்தக் கம்பெனி என்று சொல்லாமல் படங்களை மட்டும் ஜனங்களிடம் காட்டுவது. கைஸ்லா தரப்பில் யார்க்கோ வந்து நின்றான். பத்திரிகைகளுக்குச் சோதனை போன் கொண்டுவந்து கொடுத்து, பிறகு வாங்கிப்போகிற பையன். யாரிடமும் முகம் சுளிக்காதவன். வந்தவர்கள் அத்தனை பேரும் ஸ்கோக்கின் படத்தையே தொட்டுக் காட்டினார்கள். யார்க்கோ சிரித்தபடியே வாடிப்போனான்.

விஷயம் அதோடு தீரவில்லை. அந்த ஒட்டுப்பட்டையே ஸ்வீடனில் செய்தது என்று எவரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

அன்று மாலை சைமா ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள். கூடவே, "கேக் நானே செஞ்சு எடுத்துட்டு வர்றேன்" என்று ஒரு வரி. கேக்கோடு வரும் சண்டை சாதாரணச் சண்டையாக இருக்காது என்று ஓஸ்மோவுக்குத் தோன்றியது. அவளுடைய கேமராவை ஊர் நடுவில் வைத்துத் தோற்கடித்தாகிவிட்டது. இருக்கிற ஒரே உறவும் போய்விடும் என்று பயந்தார். மறுநாள் மர்யட்டாவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"உங்க பொண்ணு அங்க வேலை பாக்கறாளா? இத்தனை நாளா சொல்லவேயில்லையே, ஓஸ்மோ."

"சொன்னா அவளுக்காக எழுதறேன்னுவாங்க."

"இப்ப ஸ்வீடனுக்காக எழுதறீங்கன்றாங்க. எது தேவலை?"

உண்மையை அப்படியே அச்சில் போட்டுவிடுவோம், நம்பிக்கை தானாக வரும் என்றாள் மர்யட்டா. பிறகு பேனாவை வைத்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமா?"

"எங்க வீட்ல போன் பேச்சு பேசறதில்ல."

சனிக்கிழமை பத்திரிகையில் ஓஸ்மோவின் விளக்கம் வந்தது. என் மகள் சைமா கைஸ்லாவின் கேமராப் பிரிவில் வேலை செய்கிறாள், அதனாலேயே கைஸ்லாவுக்கு எப்போதும் ஒரு நட்சத்திரம் குறைத்துப் போட்டுவந்தேன், அது தவறு. கழித்ததைத் திருப்பிக் கொடுத்தபோது கைஸ்லாவுக்கு மூன்று வந்தது. இத்தனை வருடக் கடனுக்கு ஒன்று போதுமா என்று இன்னொன்றையும் சேர்த்து நான்காக்கினார். இங்கே ஏற்றிவிட்டு அங்கே இறக்காவிட்டால் நடுநிலை ஆகாதே என்று ஸ்கோக்கின் ஐந்தை மூன்றாக்கினார். "அருமை" என்ற சொல்லின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. கல்லறைப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். மகளா படமா என்று வந்தால் மகள்தான் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை அழித்துவிட்டு "பரவாயில்லை" என்று அடித்தார்.

ஞாயிறு காலை கொடி ஏறியது. இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துக் காப்பி போட்டார். சண்டை போடக்கூட அவள் வரவில்லை. மதியம் கடந்ததும் அவரே கூப்பிட்டார்.

"டயர் மாத்தியாச்சா?"

"ஆச்சுப்பா."

"பத்திரிகை பாத்தியா?"

"பாத்தேன். முதல்ல எழுதினதுதான் நல்லா இருந்துச்சு." குரல் கரகரத்திருந்தது. "நான் வரலப்பா. சளி பிடிச்ச மாதிரி இருக்கு."

குத்திக் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். நான்கு போதவில்லை போலிருக்கிறது, ஐந்தே கொடுத்திருக்கலாம். அவள் கோப்பையில் ஆறிப்போன காப்பியையும் அவரே குடித்தார். உன் கேமரா நல்ல கேமராதான் என்று சொல்ல நினைத்தார், சொல்லவில்லை. ஆய்லா இருந்தால் எடுத்துச் சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை, சோதனைக்குக் கொடுத்த போனைத் திரும்ப வாங்க யார்க்கோ அலுவலகத்துக்கு வந்தான். கம்பெனியில் எல்லோருக்கும் சந்தோஷம் என்றான். நான்கு நட்சத்திரத்தை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறார்களாம். போனைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகும் போகாமல் நின்று காதைச் சொறிந்தான்.

"ஒரு சின்னத் திருத்தம் மட்டும் போடணும், ஓஸ்மோ. எங்க மேனேஜர் கேக்கச் சொன்னாரு."

"சைமா வருத்தப்பட்டாளா?" என்று கேட்டார் ஓஸ்மோ.

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவங்க போன வருஷமே எங்களை விட்டு ஸ்கோக்குக்குப் போயிட்டாங்களே. நீங்க முதல்ல அருமைன்னு எழுதினீங்கல்ல, அதான் அவங்க செஞ்ச கேமரா."