நிறுத்தும்போது மட்டும்

சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் பிக்கப் மறுபடியும் உதறியது. பின்னால் கட்டியிருந்த கண்ணாடிகளில் ஒன்று மெல்ல "டிக்" என்றது. மருமகன் இறங்கிப் போய்ப் பார்த்தான். மூலைக்கு மூலை ஒரு கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

கண்ணாடிக் கடை முதலாளி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அடுத்த வாரம் ஓட்டல் ஒன்றின் வரவேற்பறைக்குப் பெரிய நிலைக்கண்ணாடி போக வேண்டும் என்றார்.

"அது முழுசாப் போய்ச் சேந்தா நம்ம லோடெல்லாம் உன் வண்டிக்குத்தான். இல்லேன்னா வேற வண்டி பாத்துக்கறேன் தம்பி."

மருமகனுக்கு வேறு கடை கிடையாது.

பக்கத்து இருக்கையில் மாமனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலின் கடைசிப் பெட்டியில், ஒரு பச்சைக் கொடியோடும் ஒரு கைப்பிரேக்கோடும் தன்னந்தனியாகக் காலம் தள்ளியவர். ஓய்வுக்குப் பிறகு, மதியச் சாப்பாடு தாமதமாக வந்துகொண்டிருப்பதாக வீட்டில் அறிவிக்கத் தொடங்கினார். மகள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "அவர்கூட வண்டியில போயிட்டு வாங்கப்பா, பேச்சுத்துணையா இருக்கும்" என்று ஏற்றிவிட்டாள். அதன்பின் அவர் ஒரு லோடைக்கூடத் தவறவிட்டதில்லை. ஏறியதும் பழைய சீருடைக் கோட்டைக் கழற்றி இருவருக்கும் நடுவில் போடுவார். கையை அதற்கு அடியில் வைத்துக்கொள்வார். பேச மட்டும் மாட்டார்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் இருந்தார். செருப்பு மட்டும் தெரிந்தது.

"ஸ்டியரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?" என்றது செருப்பு.

"சீட்டு" என்றான் மருமகன்.

"ஸ்டியரிங்" என்றார் மாமனார். "கோளாறு எப்பவும் முன்னாலதான் இருக்கும். பின்னால எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது."

சீட்டு ஆடினால் பின் பிரேக் டிரம், ஸ்டியரிங் ஆடினால் முன் பிரேக் டிஸ்க் என்று மெக்கானிக் விளக்கினார். எதை மாற்றட்டும் என்றும் கேட்டார். மாமனார் சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல மருமகனுக்கு வாய் வரவில்லை. முன் டிஸ்க் இரண்டும் மாறின. பிரேக் பேடும் மாறியது. புது பேடு செட் ஆகிற வரைக்கும் பிரேக் முழுசாகப் பிடிக்காது, பார்த்து ஓட்டுங்கள் என்றார் மெக்கானிக். மருமகன் தலையாட்டினான். மாமனார் அதை மனதில் குறித்துக்கொண்டார்.

முதல் திருப்பத்தில் பிரேக் போட்டதும் டாஷ்போர்டு பெட்டி தானாகத் திறந்தது. உள்ளே இருந்த ஸ்பேனர் மாமனார் மடியில் வந்து விழுந்தது. கூடவே, இதுவரை அவன் கண்ணில் படாத ஒரு சிவப்பு விளக்கு மீட்டருக்குப் பக்கத்தில் எரிந்து அணைந்தது.

பிரேக் ஆயில் குறைந்தால் அந்த விளக்கு எரியும் என்றார் மெக்கானிக். ஆயில் குறையவில்லை. இருந்தாலும் மாற்றினார். ஒன்றிரண்டு நாள் பெடல் கொஞ்சம் உள்ளே இறங்கும், பயப்பட வேண்டாம் என்றார்.

"உள்ள இறங்குமா?" என்றார் மாமனார். வெகு நேரம் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வண்டி கடை வாசலில் நின்ற விதத்தைப் பார்த்து முதலாளியே வெளியே வந்துவிட்டார்.

"என்னப்பா, வண்டிக்குக் குளிர் ஜுரமா?"

அடுத்து பின் டிரம்மைக் கடைசல் பிடித்தார்கள். சக்கரங்களைக் கழற்றி பேலன்ஸ் பார்த்தார்கள். மெக்கானிக் மட்டும் தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தார். டாஷ்போர்டில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளர், ஒரு சொட்டுச் சிந்தாமல் திரும்பி வந்தது. அதே டம்ளரோடு மருமகனும் மாமனாரும் போனார்கள். திரும்பி வந்தபோது தண்ணீர் முழுவதும் மருமகனின் பேன்ட்டில் இருந்தது.

"அப்ப வெயிட்டு ஏறினாதான் ஆடுது" என்றார் மெக்கானிக். சொல்லிவிட்டு மாமனாரை மேலும் கீழும் பார்த்தார். அப்படி ஒன்றும் எடை இருப்பதாகத் தெரியவில்லை. ஸ்பிரிங் பட்டைகளின் போல்ட்டை முறுக்கினார். ஆட்டம் கூடியது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே இந்த வண்டியில மாத்தறதுக்கு நம்பர் பிளேட்டுதான் பாக்கி."

கண்ணாடி போக வேண்டிய நாளும் வந்தது. காலையில் மாமனாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மகள் தைலம் தேய்த்துப் படுக்கவைத்து, அசையக்கூடாது என்றாள். மருமகன் சாவியை எடுத்ததைப் பார்த்து மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாள் தள்ளிப் போடுங்க மாப்பிள்ளை. தனியாப் போகாதீங்க."

பிடித்த கையை விடவில்லை. தன்மேல் இந்த மனிதருக்கு இவ்வளவு பாசம் இருக்கும் என்று மருமகன் நினைத்ததே இல்லை. ஆனால் முதலாளி தள்ளிப் போடுகிற ஆள் இல்லை.

கண்ணாடியைப் போர்வை சுற்றி நிமிர்த்திக் கட்டினார்கள். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான்.

வண்டி நின்றது. வெறுமனே நின்றது, தண்ணீரில் படகு நிற்கிற மாதிரி. பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கும்வரை சிக்னல் பச்சையானதே அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த நிறுத்தத்திலும் அப்படித்தான். சரிவில் இறங்கும்போது வேண்டுமென்றே ஒருமுறை மிதித்துப் பார்த்தான். டாஷ்போர்டு பெட்டி வாயைத் திறக்கவில்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை.

ஓட்டலில் போர்வையை விலக்கினார்கள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. முதலாளி போனில் இரண்டே வார்த்தை சொன்னார். லோடெல்லாம் உனக்குத்தான்.

மருமகன் வீட்டுக்குள் நுழைந்து நேராக மாமனாரிடம் போனான்.

"சரியாப் போச்சு மாமா. எத்தனை தடவை நிறுத்தினேன், ஒரு துளிகூட ஆடல."

மாமனார் இடுப்பை மறந்து எழுந்து உட்கார்ந்தார்.

"அது எப்படி மாப்பிள்ளை? நீங்க பிரேக்கை மிதிக்கறப்போ, பக்கத்துல இருந்து ஹேண்ட்பிரேக்கை யாரு இழுத்தா?"