உப்பளத்துக்காரனுக்குச் சர்க்கரையா?

இனிமேல் எந்தப் போனுக்கும் ஏமாறுவதில்லை என்று முடிவெடுத்தேன். காரணம் பக்கத்து ஊர் அனுமந்தை நடராசன். தடுப்பூசிச் சான்றிதழ் தருகிறோம் என்று யாரோ போனில் சொல்ல, கோயில் மைக்கில் அறிவிப்பதுபோல் ஓடிபி நம்பரைச் சத்தமாகப் படித்துக்காட்டி, பேங்கில் இருந்ததையெல்லாம் பறிகொடுத்தான். அவன் ஏமாளி. இந்த பக்தவச்சலம் அப்படியா? மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவன். கடலையே ஏமாற்றி உப்பு எடுக்கிறவன்!

முந்தாநாள் சாயங்காலம் போன் வந்தது.

"பக்தவச்சலம் சாருங்களா? கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலருந்து நர்ஸ் நிவேதா பேசுறேன். போன வாரம் முகாம்ல டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தீங்கல்ல? சுகர் அதிகமா இருக்குது. நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வந்துடுங்க."

ஏமாற்றுக்காரி வந்துவிட்டாள் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். என் மனைவி அம்சவல்லியும் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டுமே!

"ஏம்மா, நான் உப்பளத்துக்காரன். எனக்கு எப்படிம்மா சர்க்கரை வரும்?"

"உப்பும் பாத்துடலாம் சார். வாங்க."

"சரி, ஓடிபி கேளு."

"ஓடிபியா? எதுக்கு சார்?"

"பேங்க் நம்பர்?"

"வேணாம் சார்."

"பணமாவது கட்டணுமா?"

"எல்லாம் ஃப்ரீ சார்."

என்ன அநியாயம்! மோசடி செய்ய வந்தவள் ஒரு மரியாதைக்காவது ஓடிபி கேட்க வேண்டாமா?

"தொழிலுக்குப் புதுசா? போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடுவேன்!" என்று கத்திவிட்டுக் கட் செய்தேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்சவல்லி நிமிர்ந்தாள். "ஏங்க, அந்தப் பொண்ணு ஒண்ணுமே கேக்கலையே?"

"அதான்டி சந்தேகமே!"

"சந்தேகம்னா, ஆஸ்பத்திரி நம்பர் நம்மகிட்ட இருக்குது. நாமளே போட்டுக் கேப்போம்."

"எடுக்குறவளும் கூட்டுக்களவாணியா இருந்தா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டில் இது அபூர்வமான காட்சி. பெருமையோடு தூங்கினேன்.

காலையில் காபி வரவில்லை. அம்சவல்லிதான் வந்தாள், கண்கள் சிவக்க.

"எனக்கு மனசே ஆறலைங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரி பேரை ஒருத்தி கெடுக்குறா. நீங்க சும்மா விடப் போறீங்களா?"

"விடுவனா?"

"அப்போ இப்பவே போய் புகார் குடுங்க. நானும் வர்றேன்."

"காபி?"

"காபி குடிச்சா கோவம் எறங்கிடும்."

நியாயமாகத்தான் பட்டது. என் கோபத்துக்கு ஒரு பெண் இவ்வளவு மரியாதை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, வழியில் உப்புக் குவியல்களிடம் எல்லாம் நியாயம் கேட்டபடி வண்டியை விரட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் மேஜையைத் தட்டினேன். "நிவேதான்னு ஒருத்தி உங்க பேரைச் சொல்லி ஊரை ஏமாத்துறா!"

மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் எழுந்தாள். "நான்தான் சார் நிவேதா."

அதே குரல்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?"

"பச்சத்தண்ணி கூட இல்ல! கோவத்துல நேரா வர்றேன்!"

"ரொம்ப நல்லது. கையை நீட்டுங்க. நீங்க கத்திட்டு வெச்ச கொஞ்ச நேரத்துல அக்கா போன் பண்ணி விசாரிச்சாங்க. எப்படியாவது வெறும் வயித்துல கூட்டிட்டு வர்றேன்னு சொன்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். அம்சவல்லி சுவரில் இருந்த கொசு ஒழிப்புப் போஸ்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை இருக்கத்தான் இருந்தது. "உப்புத் தண்ணியில நிக்கிற காலு சார். புண்ணு வந்தா ஆறாது. நல்லவேளை, இப்பவே வந்தீங்க," என்று நர்ஸ் மாத்திரையை நீட்டினாள். குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபத்தை விட்டுவிட முடியுமா?

வெளியே வந்ததும் வெடித்தேன். "கட்டுன புருஷனையே ஏமாத்திட்டியேடி! இது மோசடி இல்லையா?"

"நான் என்ன ஓடிபியா கேட்டேன்?"

வேப்பமரத்தடியில் என்னை உட்கார வைத்து, பையிலிருந்து இட்லி டப்பாவை எடுத்துத் திறந்தாள். பசியில் எனக்குக் கோபம் மறந்தே போனது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான்! நாலாவது இட்லியை விழுங்கும்போது அவள் சொன்னாள்:

"நல்லா சாப்பிடுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சி ரத்தம் எடுக்க இன்னொரு ஊசி இருக்குதாம்."