எச்சிலில் கிடைத்த சிம்மாசனம்

அந்தத் தெருவில் திடீரென்று ராஜாக்கள் பெருகிப் போனார்கள். குழாய் ரிப்பேர்காரர் ஒரு கடற்படைத் தளபதியின் நேர் வாரிசு. மருந்துக்கடைக்காரர் ஏழு மலைகளை ஆண்ட மன்னரின் கொள்ளுப்பேரனுக்குக் கொள்ளுப்பேரன். தையல்கார அம்மா ஒரு மகாராணியின் வம்சம். ஆனால் அந்த ராஜாக்களுக்கு உழுது போட்டவன், துணி துவைத்தவன், பல்லக்குத் தூக்கியவன் ஒருத்தனுக்குக்கூட வாரிசே இல்லை. பாவம், அத்தனை பேரும் பிரம்மச்சாரியாகவே செத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர் 'வம்ச டாக்டர்'. என்ன படித்து டாக்டரானார் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், போதாதா? மூடிக் கிடந்த செருப்புக்கடையை வாடகைக்கு எடுத்தார். நீல விளக்கு எரிகிற ஒரு பெட்டியை நடுவில் வைத்தார். எச்சிலில் இருக்கும் மரபணுவைப் படித்து வம்சத்தைச் சொல்லிவிடுமாம் அது. 'உங்கள் எச்சிலில் ஒரு பேரரசு உறங்குகிறது' என்று வாசலில் பலகை மாட்டினார். மறுநாளே வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்தது. ரோட்டில் துப்பினால் அபராதம் போடுகிற ஊர் அது. அங்கே துப்புவதற்குக் காசு கட்டிக் காத்து நின்றது கூட்டம்.

டிரைவிங் ஸ்கூல்காரரும் போய்த் துப்பிவிட்டு வந்தார். சட்டம் போட்ட சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். ஸ்கூலின் ஆபீஸ் வேலை முழுவதையும் பார்ப்பவள் அவர் மனைவி. போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் யாருன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியுமே. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லச் சொன்னா மறந்துட்டு வர்றவரு."

"புறங்காட்டாப் பேரரசன் வம்சம்டி நான். போர்க்களத்துல ஒரு அடிகூடப் பின்னால வெச்சதில்லையாம்."

அவள் சிரித்துவிட்டு அடுத்த போனை எடுத்தாள். விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பேங்க் அம்மா, தெரியாமல் ஒரு முட்டுச் சந்துக்குள் வண்டியை விட்டிருக்கிறார்.

"ரிவர்ஸ் எடுக்கட்டுமா சார்?"

"எங்க வம்சத்துல அது கிடையாதும்மா."

கடைசியில் அந்த அம்மாவும் வழியில் போன இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். இவர் உள்ளே முன்னால் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி கேட்டதற்கு, "வண்டிதான் பின்னால போச்சு. நான் போகலை" என்றார். அந்த வாரத்திலேயே நான்கு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

அதையும் அவள் சிரித்தே தள்ளியிருப்பாள். ஆனால் வம்ச டாக்டரின் தொழில் ரகசியம் அடுத்த படியில் இருந்தது. முதலில் எல்லோரையும் ராஜாவாக்குவார். அப்புறம் ஒவ்வொரு ராஜாவுக்கும் ஓர் எதிரியைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். ராஜா என்றால் பகை இல்லாமலா? பகை என்றால் பரிகாரம் இல்லாமலா?

அவர்கள் மகளுக்கும் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்க்கும் ஒரு பையனுக்கும் கல்யாணம் பேசி, மண்டபமும் பிடித்தாகிவிட்டது. வரப்போகும் மாமனார் ஆசைப்படுகிறாரே என்று பையனும் போய்ப் பணிவாகத் துப்பினான். முடிவு வந்தது. புறங்காட்டாப் பேரரசனின் கோட்டையைத் தீ வைத்துக் கொளுத்திய பரம்பரையாம் அவன்.

"கோட்டையை எரிச்சவன் வீட்டுக்கு என் பொண்ணை அனுப்பணுமா?" என்று குதித்தார் அப்பா.

"அப்பா, அவரு தீப்பிடிச்சா லிஃப்ட்டுல போகாதீங்கன்னு போர்டு மாட்டறவருப்பா" என்றாள் மகள்.

எடுபடவில்லை. வம்ச டாக்டர் சொன்ன பரிகாரமான 'மரபணுப் பகை நீக்கம்' செய்யாமல் கல்யாணம் கிடையாது என்றார் அப்பா. மூன்று கட்டம், நீலத் தண்ணீர் நிறைந்த பாட்டில்கள், தள்ளுபடி கிடையாது. அதற்காக ஸ்கூலில் இருந்த இரண்டு கார்களில் ஒன்றை விற்க ஆள் பார்த்துவிட்டார். மகள் சாப்பிடாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளை அப்படிப் பார்த்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு நின்று போனது. நாமும்தானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம் என்று உறுத்தியது. பக்கத்து ஊர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தங்கைக்குப் போன் போட்டாள்.

தங்கை என்றால் சில நிமிஷத் தங்கை. இரட்டைப் பிள்ளைகள். சின்ன வயதில் யாருக்குப் பால் கொடுத்தோம் என்று தெரியாமல் பெற்ற அம்மாவே ஒருத்திக்கு இரண்டு தடவை கொடுத்துவிடுவாளாம்.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நாம ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சு பொறந்தவங்க. ரெண்டு பேருக்கும் மரபணு ஒண்ணுதான். அந்த ஆளு பெட்டி நெசமாவே எதையாச்சும் படிக்குதுன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தானே வரணும்?"

"வரலைன்னா?"

"வரலைன்னா நீ மாமாவைப் பார்த்துக்கோ. அந்த ஆளை நான் பார்த்துக்கறேன்."

அக்கா முதலில் போனாள். பட்டுப்புடவை, கழுத்தில் இரவல் சங்கிலி. ராஜாவுக்கு ஏற்ற ராணி வேண்டாமா என்று புருஷனே கூட்டிக்கொண்டு போனார். தங்கை வேறொரு நாள் தனியாகப் போனாள். தடித்த கண்ணாடி, முகத்தில் பாதியை மறைக்கும் மாஸ்க், வெளுத்துப்போன பழைய புடவை. இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னார் டாக்டர்: "முடிவு, நான் நடத்தப்போகும் ராஜவம்ச விழா மேடையில் அறிவிக்கப்படும்."

விழா அன்று மண்டபத்தில் உட்கார இடமில்லை. எல்லா ராஜாக்களும் முன்வரிசையில்தான் உட்காருவோம் என்று அடம்பிடித்ததால் பின்வரிசைகள் காலியாகக் கிடந்தன. தலைக்குத் தலை பிளாஸ்டிக் கிரீடம், அதற்குத் தனிக் கட்டணம். டாக்டர் மேடையேறி அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இந்தத் தாய் யார் தெரியுமா? முத்துத் தீவை ஆண்ட மகாராணியின் ரத்தம். ஆனா அந்த ராணியை ஒரு பணிப்பெண் விஷம் வெச்சுக் கொன்னுட்டா. அந்தத் துரோகியோட வம்சமும் இதே மண்டபத்துல உக்காந்திருக்கு."

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். டாக்டர் விரலை நீட்டினார். நீட்டிய இடத்தில் தடித்த கண்ணாடியோடு தங்கை உட்கார்ந்திருந்தாள். மெதுவாக எழுந்து மேடைக்கு வந்தாள்.

"நல்லாப் பாருங்க மக்களே, ரெண்டு பேருக்கும் எவ்வளவு வித்தியாசம்" என்றார் டாக்டர்.

தங்கை கண்ணாடியைக் கழற்றினாள். மாஸ்க்கை இறக்கினாள். அக்கா பக்கத்தில் போய்த் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். ஒரே மூக்கு, ஒரே தாடை, ஒரே மாதிரி தெற்றுப்பல். முன்வரிசையில் ஒரு கிரீடம் கீழே விழுந்து உருண்டது.

"நாங்க ஒரே வயித்துல ஒண்ணாப் படுத்துக் கெடந்தவங்க" என்றாள் அக்கா மைக்கில். "இவ எனக்கு அங்கயே விஷம் வெச்சிருக்கலாமே டாக்டர். வெளிய வர்ற வரைக்கும் ஏன் காத்திருந்தா?"

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. டாக்டருக்கு வேர்த்தது. "மரபணு சில சமயம் தாவும்" என்றார்.

"தாவறதுக்கு அது என்ன தவளையா?" என்றாள் தங்கை.

அதற்குள் குழாய் ரிப்பேர்காரர் மேடையேறிப் பெட்டியின் மூடியை நெம்பிவிட்டார். உள்ளே ஒரு டேபிள் ஃபேன் மோட்டார், நீல பல்பு. அடியில் மூடிகூடத் திறக்காத எச்சில் குப்பிகள், ஊரார் அத்தனை பேருடையதும். டாக்டர் பின்வாசலுக்கு ஓடினார். அங்கே நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் தலையிலும் கிரீடம் இருந்தது. அவர்களும் பணம் கட்டியவர்கள்தான். அதனாலேயே பிடி கொஞ்சம் இறுக்கமாக விழுந்தது.

டிரைவிங் ஸ்கூல்காரர் கிரீடத்தைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். மகள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

"கோட்டை போனா போகட்டும் மாப்ளே" என்றார்.

"எரிச்சதுக்கு மன்னிச்சிடுங்க மாமா" என்றான் அவன். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தங்கையை மறித்துக் கேட்டார்: "அப்போ நான் நெசமா யாரும்மா? மரபணுன்னு ஒண்ணு இருக்குதானே?"

"இருக்குண்ணே. முறையான ஆய்வுக்கூடத்துல கொடுத்தா, எந்தெந்தப் பக்கத்து ஜனங்களோட உங்களுக்கு ஒட்டு இருக்குன்னு ஓரளவுக்குச் சொல்வாங்க. ராஜா பேரும் சொல்ல மாட்டாங்க, அவனுக்கு விஷம் வெச்சவ பேரும் சொல்ல மாட்டாங்க. ரொம்பப் பின்னால போனா நம்ம எல்லாருக்கும் ஒரே கூட்டம்தான். பசியோட நடந்து நடந்து உலகம் பூரா பரவின கூட்டம்."

"அந்தக் கூட்டத்துல ராஜா யாரு?"

அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "புதர் அசைஞ்சா காத்தா புலியான்னு யோசிக்காதவனைப் புலி தின்னுடுச்சு. யோசிச்சவன் பெத்த பிள்ளைங்கதான் நாம. அவங்க விட்டுட்டுப் போன சொத்து உங்க கழுத்துக்கு மேல அப்படியே இருக்கு அண்ணே. இதுவரைக்கும் அதைக் கிரீடம் மாட்டத்தான் வெச்சிருந்தீங்க, இனிமேலாவது திறந்து பாருங்க."