மெத்தனால் முதலிடம்

வண்டி இருமிவிட்டு நின்றது. மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு லிட்டர் மெத்தனால். எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் சார்," என்றார் டிரைவர். "ஆறு கிலோமீட்டர்தான் வந்துது."

"தூரத்தை யாருய்யா கேட்டா?"

எரிபொருள் ஒப்பீட்டுக் குழுவின் படிவத்தில் தூரத்துக்குக் கட்டம் இல்லை. 'பணி தொடங்கிய நேரம்', 'பணி முடித்த நேரம்', அவ்வளவுதான். கோப்புகளின் வேகத்தை அளக்க அச்சடித்து மிஞ்சிய படிவம் அது.

எத்தனால் எட்டு கிலோமீட்டர் ஓடி, பதின்மூன்றாவது நிமிடத்தில் ஓய்ந்தது. பியூட்டனால் பதினெட்டு நிமிடம் நிற்கவே மறுத்தது. மேலதிகாரிக்குக் கொட்டாவி வந்தது.

"ஒரு லிட்டரை முடிக்க இவ்வளவு நேரமா? சரியான சோம்பேறி."

"சார், அதுலதான் பதினோரு கிலோமீட்டர்..."

"ஏம்பா, ஒரு கோப்பைப் பத்து நிமிஷத்துல முடிக்கிறவன் கெட்டிக்காரனா, பதினெட்டு நிமிஷம் வச்சுத் தேய்க்கிறவனா?"

எழுத்தர் டிரைவரின் முழங்கையை இடித்தார். "அண்ணே, பதினோரு வருஷமா தினக்கூலி. நிரந்தர ஆர்டர் இவர் மேஜையில இருக்கு. வாயக் குடுத்துக் கெடுத்துக்காதீங்க."

டிரைவர் மெத்தனாலே முதலிடம் என்ற சான்றில் கையெழுத்துப் போட்டார்.

மெத்தனால் 'விரைந்து கடமையாற்றும் எரிபொருள்' என்று அறிவிக்கப்பட்டது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு பியூட்டனாலுக்குக் குறிப்பாணை போனது. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்திட ஆளில்லாததால் அதை டப்பாவின் மேலேயே ஒட்டினார்கள்.

அடுத்த வாரம் துறையின் நாற்பது வண்டிகளும் மெத்தனாலில் கிளம்பி, ஆளுக்கொரு தெருவில் கடமையை முடித்துக்கொண்டன. அந்த வாரம் ஒரு விபத்துகூட இல்லை. தலைமையகம் மேலதிகாரியைப் பாராட்ட அழைத்தது. விசாரணைக்காகப் பியூட்டனால் டப்பாவையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, எழுத்தர், கணக்காளர், பியூன் சகிதம் கிளம்பினார்கள். பாதி வழியில், ஒரு மேட்டில், அவருடைய காரும் கடமையை முடித்தது.

எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். டிரைவரும் ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி தள்ளினார். அன்று காலை கிடைத்த நிரந்தர ஆர்டர் சட்டைப்பையில் மொடமொடத்தது. முதலில் மூச்சுவாங்கி உட்கார்ந்தவர் கணக்காளர்.

மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நாலே நிமிஷம்! சபாஷ். குறிச்சுக்கய்யா."

எழுத்தர் அதே படிவத்தில் குறித்தார். குறித்த கையோடு அவரும் பொத்தென்று உட்கார்ந்தார். பியூனோ, தான் கணக்காளருக்கும் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தார்.

"எனக்கு முந்தி இவருக்கா சார்? நான் மூணரை நிமிஷத்துலயே முடியாம உட்கார்ந்தவன்!"

கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு டிக்கியைத் திறந்து, நான்கு லிட்டர் மிச்சமிருந்த பியூட்டனால் டப்பாவை எடுத்து, பின்சக்கரத்துக்கு அண்டைக்கல்லாக வைத்தார்.