குத்துச்சண்டைக்கு ஒரு தாய்மாமன்

பயம் வந்தால் கை கால் ஓடாது என்பார்கள். எனக்குப் பயம் வந்தால்தான் கை காலெல்லாம் ஓடும். வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் பெரும்பாலானவை நன்றாக யோசித்து, இரண்டு தடவை சரிபார்த்து, அடுத்தவர் நன்மைக்காகச் செய்தவை. எஸ்.எஸ்.எல்.சி.யை முதல் தடவையிலேயே பாஸ் செய்தவள் வேறு. (படிக்காதவளாக இருந்தால் பாதியிலேயே பயந்து திரும்பியிருப்பேன்.)

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாடகை வீடு. மகள் கவிதாவுக்கு எட்டு மாதம். என் வீட்டுக்காரர் ஏழுமலை மரவாடியில் மரம் தூக்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் குத்துச்சண்டைக்குப் போவார். அவர் ஹெவிவெயிட். எங்கள் பக்கத்தில் அந்த எடையில் ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அந்த ஆள் அரிசி மண்டி வைத்திருப்பாரே தவிர, அடி வாங்க வரமாட்டார். ஆகவே காஞ்சிபுரத்திலோ அரக்கோணத்திலோ ஒரு புதுப் பையன் ஜெயித்துப் பெயர் வாங்க வேண்டுமென்றால், எதிரே நிற்க என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். ஜெயித்தவருக்குக் குடம், தோற்றவருக்குத் தம்ளர். எங்கள் வீட்டில் குடம் இரண்டு. தம்ளர்களை நான் எண்ணியதில்லை; தெருவில் கல்யாணம் என்றால் எங்களிடம்தான் இரவல் கேட்டு வருவார்கள்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் ஒரு சண்டையைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ஞாயிறு மாலை வீடு திரும்பும் முகத்தைத்தான். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "வலிக்குதா?" என்று கேட்பேன்.

"எனுக்கு இன்னா வலி? அடிச்சவன் கைதான் வீங்கிகினு போச்சி" என்பார்.

ஒருநாள் வாலிபர் சங்கத்துச் செயலாளர் தணிகாசலம் வந்தார். சங்கத்து ஆண்டு விழாவில் குத்துச்சண்டை. நெடுஞ்சாலையில் புதிதாக வரும் ஃபேக்டரியின் மேனேஜர்தான் தலைமை.

"ஃபேக்டரி கேட்டுல காவலுக்கு நிக்க நல்ல ஒசரமா ஆள் வோணுமாம் ஏழுமல. உன்னப் பத்தி சொன்னேன். 'மூணு ரவுண்டும் வுழாம நிக்கட்டும், மக்யா நாளே யூனிபாரம் தரேன்'ன்னுட்டாரு. ஜெயிக்கக்கூட வேணாம்பா. நின்னா போதும்."

நிரந்தர வேலை! அது கிடைத்தால் சண்டையை விட்டுவிடுவதாக அவர் கவிதாவின் தலையில் கை வைத்துச் சொன்னார். நான் மூன்று நாள் மிதந்தேன். நாலாம் நாள் எதிராளி யார் என்று தெரிந்தது. தண்டலத்து சேவியர். இருபத்திரண்டு வயது. அவனோடு மோதியவர்கள் முதல் ரவுண்டு முடிகிற மணியைக் கேட்டதேயில்லை என்றார்கள்.

என் கை கால்கள் ஓட ஆரம்பித்தன.

வெள்ளிக்கிழமை காலை, அவர் மரவாடிக்குப் போனதும், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் எடுத்துக்கொண்டு, கவிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்டலத்துக்கு பஸ் ஏறினேன். சேவியரின் அம்மா மேரியம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, மூன்று ரவுண்டும் அவரை நிற்க விடச் சொல்லுங்கள் என்று அழுதேன். நான் அழுவதைப் பார்த்துக் கவிதாவும் அழுதாள். தட்டை நீட்டினேன்.

வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கைக்குழந்தையோடு வந்தவள் நீட்டும் வெற்றிலையை யார் மறுப்பார்கள்? வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்தது போல. அந்தக் கணக்கில்தான் போயிருந்தேன்.

"நாங்க வேதக்காரங்கதாம்மா. அதுக்காக வெத்தலைய திருப்பி அனுப்புவமா?" என்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். அப்புறம் கவிதாவின் காதைப் பார்த்தார். "எட்டு மாசமாவுது, இன்னும் காது குத்தலியா?"

"தாய்மாமன் இல்லம்மா. எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் கெடையாது."

(தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆசாரியும் ஊசியும் கிடைத்துவிடும்; மடிக்கு எங்கே போவது?)

மேரியம்மா உள்ளே திரும்பி, "டேய் சேவியரு, இங்க வாடா" என்றார். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து ஒரு மலை வந்தது.

"இது உன் அக்கா. இது அக்கா பொண்ணு. தூக்கு."

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கொதிக்கும் பால் சட்டியை வாங்குவது போலக் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

"அக்கா வூட்டுக்காரரத்தான் நீ ஞாயித்துக்கெழம அடிக்கப் போறே."

"ஐயையோ! மாமாவயா? அதெப்பிடிம்மா அடிப்பேன்?" என்றான்.

காது குத்தும் சேவியர் மடியில்தான் என்று பேசிவிட்டுக் கிளம்பினேன். ஒரே தட்டு வெற்றிலையில் கணவருக்கு வேலை, மகளுக்குத் தாய்மாமன். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தண்டலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை யோசித்தேன். சொல்லலாம் என்று ஒரு தடவை முடிவு செய்தேன். வேண்டாம் என்று இன்னொரு தடவை முடிவு செய்தேன். இரண்டாவது முடிவுக்கு வந்தபோது பஸ் நின்றுவிட்டதால் அதுவே நிலைத்தது.

ஞாயிறு மாலை, அடம்பிடித்து நானும் போனேன். முதல் வரிசையில் இடம் கிடைத்தது. மூங்கில் நட்டுக் கயிறு கட்டிய மேடை. அரை நிஜாரும் கையுறையுமாக ஏறிய மனிதரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். வீட்டில் கவிதா தும்மினாலே பதறுகிற முகம் அது. இங்கே அதில் கண்ணைத் தவிர எதுவும் அசையவில்லை.

மணி அடித்தது. சேவியர் அவரைச் சுற்றி வந்தான். அவர் குத்தினால் பின்னால் போனான். அவர் நின்றால் மரியாதையாக அவனும் நின்றான். கூட்டம் பொறுத்துப் பார்த்தது.

"டேய், இன்னாடா மாப்ள அழைப்பா நடக்குது?"

"ரெண்டு பேருக்கும் தாம்பூலம் மாத்துங்கப்பா!"

(எனக்கு வியர்த்தது. மாற்றியாகிவிட்டதே!)

முதல் ரவுண்டு முடிந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக சேவியர் எதிராளியோடு சேர்ந்து அந்த மணியைக் கேட்டான். மேனேஜர் தணிகாசலத்தின் காதில் ஏதோ கேட்டார். தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது ரவுண்டில் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு கயிற்றோரம் வந்தார்கள். எனக்கு நாலடி தூரம். சேவியர் பேசியது தெளிவாகக் கேட்டது.

"மாமா, காது குத்து வல்லக்கோட்டை முருகன் கோயில்லயா?"

"எவன்டா உன் மாமா?"

"அக்கா சொல்லலியா? அதோ ஒக்காந்துகினு கீதே!" என்று கையுறையால் என்னைக் காட்டினான்.

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல், நான் கவிதாவின் கையைப் பிடித்து டாட்டா காட்டினேன்.

அவர் பார்வை என்னிடமிருந்து குழந்தைக்கு, குழந்தையிடமிருந்து சேவியரின் தொங்கிய கைகளுக்குப் போனது. எல்லாம் புரிந்துவிட்டது.

"அடிடா" என்றார்.

"வேணா மாமா."

"அடிடான்றேன்!"

சேவியர் இரண்டு கையுறைகளையும் சேர்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையைத் தாண்டிப் போய் விழுந்தது அந்தக் குத்து. தேங்காய் மூட்டை லாரியிலிருந்து விழுகிற சத்தம். எண்ணி முடிக்கும்வரை சேவியர் எழுந்திருக்கவில்லை.

நான் குழந்தையின் கண்ணைப் பொத்தினேன். (என் கண்ணைத்தான் பொத்தியிருக்க வேண்டும்.) பத்து வருடத்தில் அவர் ஒருவரை எழ முடியாமல் வீழ்த்தியது அதுதான் முதல் தடவை. அதுவும் என் தம்பியை.

மேனேஜர் மேடையேறிக் குடத்தை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். வேலையைச் சேவியருக்குக் கொடுத்தார்.

"கேட்டில் தினமும் ஒருத்தன் சண்டைக்கு வருவான்" என்று தணிகாசலத்திடம் அவர் விளக்கியது எனக்கும் கேட்டது. "இவர் மாமா என்று கூப்பிட்டதற்கே அடிக்கிறார். அந்தப் பையன் அடிக்க வந்தவரையே கும்பிடுகிறான். எனக்கு அவன்தான் வேண்டும்."

வீட்டுக்கு நடந்தோம். அவர் குடத்தோடு முன்னால். நான் குழந்தையோடு பின்னால். பெருமாள் கோயில் குளத்தருகே நின்றார்.

"நான் நின்னிருப்பேன்டி" என்றார். "ஜெயிக்கத்தான் எனுக்கு வராது. எவன் அடிச்சாலும் வுழாம நிக்கறது ஒண்ணுதான் என் தொழிலு. ஊரே நம்புது. நீ நம்பல."

அன்று நான் பார்த்த சண்டையில் எனக்கு விழுந்த அடி அது ஒன்றுதான். இன்றும் அந்த இடம் வலிக்கிறது. அதன்பின் ஒன்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை.

பத்தாம் நாள் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் காது குத்து. வெற்றிலை கொடுத்துச் சொன்ன சொல்லை எப்படித் திரும்பப் பெறுவது? மேரியம்மா பட்டுச் சேலையில் சீர்த்தட்டோடு வந்தார். ஷிப்டு முடித்து, மடிப்புக் கலையாத காக்கி யூனிபாரத்திலேயே சேவியர் வந்தான். தாடை ஒரு பக்கம் இன்னும் பூரி மாதிரி உப்பியிருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கோபுரத்தைப் பார்த்தார்.

சேவியர் மடியில் கவிதா உட்கார்ந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அழவில்லை. முஷ்டியை மடக்கி, தாய்மாமனின் உப்பிய தாடையிலேயே ஒன்று விட்டாள்.

சேவியர் கண்ணில் நீர் முட்டியது. என்னைப் பார்த்து, "குடும்பமே இப்பிடித்தானாக்கா?" என்றான்.

ஒன்பது நாளாக மூடியிருந்த என் வீட்டுக்காரரின் வாய் அப்போதுதான் திறந்தது. சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு போய் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, மறு காது குத்தும்போது மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

சண்டையை விட வைக்கப் போன என்னால் நடந்தது என்னவென்றால், 'சேவியரைச் சாய்த்த ஏழுமலை' என்று சுவரொட்டி அடித்து, வேலூர்வரை இருந்த தடியன்களையெல்லாம் மூன்று வருடம் அவர் மேல் ஏவினார்கள். ஒன்றில்கூட அவர் ஜெயிக்கவில்லை. ஒன்றில்கூட விழவும் இல்லை. எல்லாவற்றையும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், வாயையும் கையையும் கட்டிக்கொண்டு. பிறகு சேவியர் சொல்லித்தான் அதே கேட்டில் அவருக்கும் வேலை கிடைத்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "குடும்பமே இப்பிடித்தானாக்கா?" என்று ஒரு குரல் கேட்கும். சேவியர் இல்லாவிட்டால் மருமகனாவது கேட்டுவிடுவார். கேட்டுவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அடித்தவரையும் அல்ல, அடி வாங்கியவனையும் அல்ல. அன்று யார் மேலும் கையே வைக்காத என்னைத்தான்.