மங்கையர்க்கரசி தனியாகச் சாப்பிட்டாள்

இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பும் ஊறுகாயும்கூட வைத்தாயிற்று. சோறு மட்டும் வரவில்லை.

"என்னப்பா, சாதம் எங்கே?" என்று மறுபடியும் கேட்டாள் மங்கையர்க்கரசி.

"ஐயா வரட்டும்மா" என்றான் பரிமாறுகிற அய்யாக்கண்ணு.

"எந்த ஐயா?"

"உங்க வூட்டு ஐயாதான். வேற எந்த ஐயா?"

மங்கையர்க்கரசிக்குக் கல்யாணமே ஆகவில்லை. எல்.டி. பாஸ் செய்த திருச்சி வாத்தியாரம்மா அவள். லாலாகுடா ரயில்வே காலனித் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை தேவை என்று கூப்பிட்டிருந்தார்கள். மத்தியானம் இன்டர்வியூ. அதற்காகத் தன்னந்தனியாக ரயிலேறி, எல்லையில் நிஜாமின் சுங்கக்காரர்கள் பெட்டியைக் குடைந்தபோதும் அசராமல் நின்று, சிக்கந்தராபாத்தில் வந்து இறங்கி, இந்தக் காபி கிளப்பில் பெண்களுக்கென்று திரை போட்ட அறையில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து வயிற்றுக்குள் காபியைத் தவிர எதுவும் போகவில்லை.

பசி ஒரு பக்கம் என்றால், அண்ணன் புருஷோத்தமனின் மீசை இன்னொரு பக்கம். "அது அந்நிய ராஜ்யம். தனியா வந்த பொம்பளைக்கு எவன் இலை போடுவான்? ஓட்டல்ல நீ தனியா உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டுட்டு வா, நான் மீசையை எடுத்துடறேன்" என்று தெருவே கேட்கச் சொல்லியிருந்தான். அவன் கொடுத்த கட்டுச்சோற்று மூட்டையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். அந்த மீசையை விடுவதாக இல்லை.

"ஏன், தனியா வந்தா போடமாட்டீங்களா?"

"திரை போட்ட ரூம்ல மாட்டோம்மா. முதலாளியோட அப்பா வெச்ச சட்டம். லேடீஸ் வந்தா வூட்டுக்காரரோடத்தான். வெளிய ஆம்பளைங்க பக்கம் உங்கள உக்கார வெக்கவும் முடியாது."

"வந்துகிட்டே இருக்கார். நீ போடு."

"அப்போ ஜோடியாப் போட்டுடறேன்" என்று எதிரில் இன்னொரு தையல் இலையைப் போட்டுவிட்டு அய்யாக்கண்ணு போனான். ஒரு காலி இலைக்கு இப்போது இரண்டு காலி இலை.

சற்று நேரத்தில் திரைக்கு வெளியே ஒரு கனைப்பு கேட்டது. காபி கிளப் முதலாளி சிவஞானம். ஊரை விட்டு வந்து வெகு காலமானதில் அவருடைய தமிழில் பாதி அந்த ஊர்த் தக்கணி உருது ஆகிவிட்டிருந்தது. பெண்கள் இருக்கும் அறைக்குள் எட்டிப் பார்க்காத மரியாதைக்காரர். திரையைப் பார்த்தே பேசினார்.

"ஐயா எங்கம்மா தங்கிட்டாரு? ஆளனுப்பிக் கூட்டியாறச் சொல்றேன்."

"வேண்டாம். ஸ்டேஷன்ல சாமான் இறக்கிட்டிருக்கார். அவரே வந்துடுவார்."

"நக்கோ, நக்கோ, வேண்டாம்னு சொல்லாதீங்க. இந்த வெய்யில்ல ஐயா வழி தெரியாமத் தடுமாறக் கூடாது. பேரு மட்டும் சொல்லுங்க."

"எங்க குடும்பத்துல புருஷன் பேரைச் சொல்ற வழக்கமில்லை" என்றாள். பெண்கள் உடனே விட்டொழிக்க வேண்டிய வழக்கம் என்று வகுப்புக்கு வகுப்பு அவள் முழங்கிவந்த வழக்கம் அது.

"ஹவ், அதுவும் சரிதான். அடையாளம்?"

எந்த ஸ்டேஷனிலும் அகப்படாத ஆளாகப் பார்த்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. தேடிப் பார்த்துவிட்டு இரக்கப்பட்டாவது சோறு போடுவார்கள்.

"ஆறடிக்கு மேல உயரம். நல்ல சிவப்பு. தங்க பிரேம் கண்ணாடி. பட்டுத் தலைப்பாகை. சுருட்டை முடி."

"தலைப்பாகைக்குள்ள சுருட்டை முடி எப்படிம்மா தெரியும்?"

"கழட்டச் சொல்லிப் பாருங்க."

"பாத்துக்கறேம்மா" என்று சிவஞானம் அமைதியாக நகர்ந்தார்.

அவள் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைப்பதற்குள் திரை விலகியது. "ஐயா வந்துட்டாரும்மா" என்றான் அய்யாக்கண்ணு. ஐயா குள்ளமாக இருந்தார். கறுப்பாக இருந்தார். கண்ணாடியும் இல்லை, தலைப்பாகையும் இல்லை, தலையில் முடியே இல்லை. முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டோடு எதிர் இலையில் உட்கார்ந்து, "சாதம் போடுப்பா" என்றார்.

இவர் என் புருஷன் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் ஆவி பறக்கச் சோறு வந்தது. நெய் வந்தது. முருங்கைக்காய் சாம்பார் வந்தது. திறந்த வாய் சாப்பிடுவதற்குப் பயன்பட்டது.

"யார் நீங்க?" என்று அடிக்குரலில் கேட்டாள்.

"ஜெகநாதன். சாப்பிடுங்கம்மா, ஆறிடப்போவுது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டேஷனில் பட்டினியாகக் கிடந்த யாரோ பாவம். வீட்டம்மா காத்திருக்கிறாள் என்றதும் ஒரு வேளைச் சோற்றுக்காகத் தலையாட்டியிருக்கிறார். முதலில் கோபம் வந்தது. ரசம் வருவதற்குள் அது இரக்கமாயிற்று. பொரியல் தீர்வதற்குள் பெருமையாகவே ஆகிவிட்டது. ஒரு முதலாளியையும் ஏமாற்றி, ஒரு ஏழைக்கும் சோறு போட வேறு யாரால் முடியும்?

"எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கேன்? போகட்டும், நல்லாச் சாப்பிடுங்க" என்று திரைக்கு வெளியே கேட்கும்படி அதட்டினாள். "தம்பி, ஐயாவுக்கு இன்னும் சாதம்."

"போதும்மா" என்றார் ஜெகநாதன் ஈன சுரத்தில்.

"கூச்சப்படாதீங்க. வடை வை, தம்பி. பாயசம் ஊத்து."

ஜெகநாதன் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சாப்பிட்டார். அவர் கண்ணில் நீர் நின்றது. நன்றியில்தான் என்று மங்கையர்க்கரசிக்கும் கண் கலங்கியது.

சட்டப்படி யோசித்துப் பார்த்தாள். எதிரில் இருப்பவர் புருஷன் இல்லை, உறவு இல்லை, தெரிந்தவர்கூட இல்லை. ஆகவே அவள் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள். புருஷோத்தமனின் மீசையில்லாத முகத்தை நினைத்தபோது மோர் சாதம் அமிர்தமாக இறங்கியது.

கையைக் கழுவிக்கொண்டு தலை நிமிர்ந்து வெளியே வந்தாள். கல்லாவில் இருந்த சிவஞானம் எழுந்து சலாம் வைத்தார். ஆறடி உயரக்காரரின் மனைவிக்கு உரிய தோரணையில் அதை ஏற்றுக்கொண்டாள். தொடங்கிய நாடகத்தை ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று, இலை எடுக்கப் போன அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டு, "ஐயாவைச் சீக்கிரம் வரச் சொல்லு தம்பி, நேரமாச்சு" என்றாள்.

அய்யாக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அவரு வரமாட்டாரும்மா, நீங்க கெளம்புங்க, தனியா வர்ற லேடீசுக்கெல்லாம் புருஷனா உக்காரத்தான் முதலாளி அவரச் சம்பளம் போட்டு வெச்சிருக்காரு, இன்னிக்கு நீங்க மூணாவது."