பதினெட்டு புள்ளி நாலு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் நான் நடக்க ஆரம்பித்தபோது என் வெள்ளைக் கோட்டு ரோஸ் நிறத்தில் இருந்தது. மேம்பாலம் தாண்டும்போது வெளிறியது. கால் வலித்து, கை காட்டி ஒரு பஸ்ஸில் ஏறியபோது பழையபடி வெள்ளையாகிவிட்டிருந்தது. இரண்டு செமஸ்டர் பொது வேதியியலில் நான் கடைசிவரை கவனித்துப் பார்த்த ஒரே மாற்றம் அதுதான். அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஒப்புக்கொள்கிறேன். வேலை செய்யத் தெரியாத வயதிலேயே எனக்கு விடை எழுதத் தெரியும். நான் படித்த பள்ளியில் கண்ணாடிச் சாமான்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். செய்முறை வகுப்பில் சார் போர்டில் 18.4 என்று எழுதி, "மூணு வாட்டியும் இதான் வரும், எழுதிக்குங்க" என்பார். வந்தது. வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் வந்தது. (எல்லோருக்கும் ஒரே விடை வந்தால் அதுதான் அறிவியல் விதி என்று நம்பியிருந்தேன்.)

கல்லூரியில்தான் ப்யூரெட்டைக் கண்ணால் பார்த்தேன். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, எவ்வளவு இறங்கியது என்று அளக்கிற நீளமான கண்ணாடிக் குழாய். அடியில் ஒரு திருகு. நாலு பேருக்கு ஒன்று. ஏழுமலை திருகுவான், இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். என் கையெழுத்து அழகு என்பதால் நான் எழுதுவேன். வருடம் முழுக்க அந்தத் திருகை நான் தொட்டதில்லை.

இரண்டாம் செமஸ்டர் முடிவில் செய்முறைத் தேர்வு. ஆளுக்கு ஒரு ப்யூரெட். எனக்கு வந்ததில் திருகு இறுகிக் கிடந்தது. உடைத்தால் வாங்கித் தரவேண்டும். அதனால் காரக் கரைசலைச் சரியாக உச்சியில் இருக்கும் ஜீரோ கோடு வரை நிரப்பிவிட்டு (அதில் மட்டும் நான் கில்லாடி), அதுவரை என்னைக் கைவிடாத எண்ணை மூன்று முறை எழுதினேன். கணக்குப் போட்டேன். விடைக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் கைகட்டி நின்றேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் தாளை எடுத்துப் பார்த்தார்.

"மூணும் அச்சு மாதிரி வந்திருக்கே. பலே."

"தேங்க்ஸ் சார்."

குனிந்து ப்யூரெட்டைப் பார்த்தார். "இது எங்க நிக்குது?"

"ஜீரோவுல சார்."

"பதினெட்டு புள்ளி நாலு எங்க போச்சு?"

"திரும்ப ரொப்பிட்டேன் சார்."

"எதுக்கு?"

"அடுத்து வர்றவங்களுக்கு சார்."

பக்கத்து மேசையில் ஏழுமலை தும்முவதுபோலச் சிரித்தான். தேர்வாளர் காய்ந்து கிடந்த குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி ஒரு வாட்டி செஞ்சு காட்டு."

அமிலத்தைக் குடுவையில் எடுத்தேன். காரம் பட்டால் ரோஸாகிற, நிறம் காட்டும் திரவத்தை இரண்டு சொட்டு விடவேண்டும். அவசரமாகச் சாய்த்ததில் பாதிப் பாட்டில் மேசையிலும் கோட்டிலும் கொட்டியது. பிறகு திருகைத் திருகினேன். அசையவில்லை. எங்கள் ஊர் கெடாரில் வயல் மோட்டார் வால்வைத் திறக்கிற பலத்தைக் காட்டினேன். திருகு கையோடு வந்துவிட்டது. நிரப்பி வைத்த ஜீரோ மொத்தமும் இறங்கி, மேசை, என் கோட்டு, தேர்வாளரின் வெள்ளைச் சட்டை எல்லாம் ஒரே நொடியில் ரோஸ், காற்றுப் பட்டால் மெல்ல வெளிறிவிடுகிற ரோஸ். என் சிவப்பு அடிக்கோடு அதில் கரைந்தே போனது.

துறைத்தலைவர் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. "நாளைக்குக் காலையில உங்கப்பா வந்து லெட்டர் எழுதிக் குடுக்கட்டும். மறுபடி எழுத விடறேன். வரலைன்னா மால்பிராக்டிஸ்னு மேல போயிடும். சீட் இருக்காது. புரியுதா?"

புரிந்தது. அப்பா விழுப்புரத்தில் நெல் மூட்டை தூக்குகிறவர். அவருடைய வாட்ஸ்அப் படம் அந்தக் கோட்டுப் போட்ட நான். "பையன் கெமிஸ்ட்ரி படிக்கிறான்" என்று சொல்லும்போது மட்டும்தான் அவர் முதுகு நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, மேடத்தின் மேசைக்கு முன்னால் கைகூப்பி நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது என்று முடிவுசெய்தேன். அன்றைக்கு அதற்குத் தன்மானம் என்று பெயர் வைத்திருந்தேன். (வெறும் வீம்பு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வருடமும் பதினோரு வேலையும் ஆனது.)

அன்றிரவு வீட்டில் அப்பா கேட்டார், "எப்பிட்றா பண்ண?"

"முடிஞ்சுதுப்பா" என்றேன். பொய் இல்லை.

மூன்று நாள் கழித்து ஏழுமலை வாயால் அவருக்கு விஷயம் போனது. அடிக்கவில்லை. "ஒரு கும்புடு போட்டா முடிஞ்சிருக்குமேடா. தெனம் எத்தினி பேரக் கும்புட்டுக்கினு கெடக்கறேன். உனக்கோசரம் ஒண்ணு போடமாட்டனா?" என்றார். அந்தக் கேள்விக்கு 18.4 பொருந்தவில்லை.

இப்போதும் வீட்டில் யாராவது செய்யாத வேலையைச் செய்துவிட்டதாகச் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். "துணியெல்லாம் தொவச்சிட்டியாடி?" என்று அம்மா கேட்க, தங்கை போனைப் பார்த்தபடி "ஆச்சும்மா" என்றால், உள்ளேயிருந்து அப்பா குரல் வரும்: "பதினெட்டு புள்ளி நாலு!" எல்லோரும் சிரிப்பார்கள். ஓசூரிலோ திருப்பூரிலோ ஏதாவது ஒரு ஷெட்டிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருக்கிற நானும் சிரிப்பேன். வாட்ஸ்அப் படத்தை மட்டும் அவர் மாற்றவே இல்லை.

தேர்வுக்கு மறுநாள் காலை, கல்லூரிக்குப் போகிறவன்போலவே ரெக்கார்டு நோட்டோடு பஸ் ஏறினேன். பைபாஸில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் "ஆட்கள் தேவை" என்று எழுதியிருந்தது. இறங்கிவிட்டேன்.

"இன்னா படிச்சிருக்க?" என்றார் மேனேஜர்.

"கெமிஸ்ட்ரி. பாதி."

"இங்க பாதியே ஜாஸ்தி. ஒண்ணு மட்டும் நெனப்புல வெச்சிக்க. கொழாயத் தொடறதுக்கு முன்னாடி ஜீரோவக் காட்டணும். வண்டிக்காரன் கண்ணால பாக்கணும். அப்புறந்தான் ஊத்தணும்."

முதல் வண்டி ஒரு மொபெட். பின்னால் இரண்டு பால் கேன் தொங்கியது.

"சார், ஜீரோ பாத்துக்குங்க."

"பாத்துட்டன், ஜல்தி வுடுப்பா."

அழுத்தினேன். எண் நகர்ந்தது.